குழந்தை பொந்தைல இருந்து பிரிஞ்ச சிவப்பு இழை: நடந்ததும் மாத்தினதும்

பின்னணி

நான் வேலூர் சத்துவாச்சாரில வீட்டோடயே தையல் வேலை பாக்குறேன். ஜாக்கெட், சுடிதார், சேலைக்கு ஃபால் அடிக்கிறது, ஓவர்லாக், இதுங்கதான் சோறு போடுது. மூணு வருஷமா சொந்தத்துல யாருக்காவது குழந்தை பொறந்தா பழைய சேலை வேட்டிய சதுரம் சதுரமா வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு சின்ன விரிப்பு தைச்சுக் குடுக்குறது பழக்கமாச்சு. எங்கம்மா சித்தூர் பக்கம், அவங்க இத பொந்தைம்பாங்க, தெலுங்குல இருந்து வந்த வார்த்தை, எங்க வீட்ல எல்லாருக்கும் அதுதான் பேரு. விக்கிறவங்க இப்ப பேபி குவில்ட்டுன்னு சொல்றாங்க. நான் இதுக்கு காசு வாங்குனதில்ல, மொத்தம் ஏழு தைச்சிருக்கேன், இது அந்த ஏழாவதுல இருந்து ஒரு நூல் பிரிஞ்சு குழந்தை கால்விரல்ல சுத்திக்கினதோட கதை.

எங்க அக்கா பொண்ணுக்கு மாசி மாசம் தலப்பிரசவம், பொம்பள குழந்தை, 2 கிலோ 900. எங்க வழக்கப்படி மூணாம் மாசம் குழந்தைய குடியாத்தத்துல இருக்கிற மாமியார் வீட்ல கொண்டு போய் விடணும். தாய்வீட்டுல இருந்து தொட்டி, பாத்திரம், துணிமணி எல்லாம் போகும், அதோட இந்த பொந்தையும் போகணும்னு எங்கம்மாதான் ஆசப்பட்டாங்க. அவங்களுக்கு வயசு 74. அவங்களோட பழைய காட்டன் சேலை நாலு, எங்கப்பா (தவறிட்டாரு) கட்டின வேட்டி ஒண்ணு, அதோட குடியாத்தம் லுங்கி ஒண்ணு, மாப்ள வீட்டு ஊர் துணியும் இருக்கட்டும்னு. பொறந்த குழந்தைக்கு புதுத்துணி போடாம பெரியவங்க கட்டி தொவச்சு மெத்துன்னு ஆன பழசுல போடுறதுதான நம்ம வழக்கம், அதுல காரணமும் இருக்கு, கஞ்சியும் மொடமொடப்பும் போயிருக்கும், உறுத்தாது.

அளவு 36 இஞ்ச்சுக்கு 40. நாலு இஞ்ச் சதுரம் 90, தையலுக்கு கால் கால் இஞ்ச் விட்டு நாலரையா வெட்டினது. சதுரங்கள மிஷின்ல சேத்தேன். நடுவுல கடைல விக்கிற பாலியெஸ்டர் பஞ்சு ஷீட்டு, அடில அப்பாவோட வேட்டி. மூணையும் சேத்துப் புடிக்கிற தையல மட்டும் கைல போடணும்னு அம்மா புடிவாதம். "மிஷின்ல அடிச்சா கடைல வாங்குனா மாதிரி இருக்கும்டி, கைல போட்டாதான் நம்ம வூட்டுது"ன்னாங்க. மிளகாப்பழ சிவப்புல எம்ப்ராய்டரி நூல், மூணு இழையா பிரிச்சு, ஓட்டுத்தையல், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளம். பாதி அவங்க போட்டாங்க பாதி நான் போட்டேன். முடிச்ச எங்கம்மா போடறதுன்னு அவங்க கேட்டப்போ "அடிப்பக்கம் போட்டுடும்மா, யார் பாக்கப்போறா"ன்னு சொன்னது நான்தான். இத இங்கயே சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி வீட்ல எல்லாரும் பாட்டிக்கு கண்ணு தெரியலன்னு பேசுனாங்க, அது நியாயம் இல்ல.

குழந்தை போனதுக்கு அப்புறம்

மே முதல் வாரத்துல கொண்டு போய் விட்டோம், அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச நேரம். வேலூர் ஜில்லா வெயில் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, 40 டிகிரிக்கு மேல சர்வ சாதாரணமா போகும், ராத்திரி சுவத்த தொட்டா சுடும். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. பாலியெஸ்டர் வச்ச பொந்தைல படுத்தா வேர்வை உள்ள இறங்காம முதுகுலயே நிக்கும், அது நான் யோசிச்சிருக்க வேண்டியது, பஞ்சு ஷீட்டு பாக்க பொசுபொசுன்னு இருக்குன்னு வாங்கிட்டேன்.

மாமியார் வீட்ல ஒரு காரியம் பண்ணாங்க, யார் மேலயும் தப்பு சொல்ல முடியாத காரியம். மேல் பக்கத்துல ஒட்டுப்போட்ட மடிப்பெல்லாம் மேடு மேடா இருக்கு, லுங்கித் துணி கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு, குழந்தைக்கு வேர்க்குரு வேற. அதனால பொந்தைய திருப்பிப் போட்டு வேட்டிப் பக்கத்த மேல வச்சு அதுல படுக்க வச்சாங்க. வேட்டி மெத்துன்னு இருக்கும்ல. நான் தைக்கும்போது என் மனசுல இருந்தது சேலைப் பக்கம் மேல, குழந்தை அதுல படுத்து சிரிக்கிற ஃபோட்டோ. என் முடிச்சு, நூல் நுனி, தையலோட பின்பக்கம் எல்லாம் எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தப் பக்கம்தான் குழந்தை பத்து நாள் போல கால ஒதச்சு வெளயாடிச்சு.

மூணு தடவ தொவச்சிருக்காங்க. மூத்திரத் துணியோட சேத்து சுடுதண்ணில ஊறவச்சு, கொஞ்சம் பிளீச்சிங் போட்டு, கல்லுல பிரஷ்ஷால தேய்ச்சு. பொந்தைய எப்படி தொவைக்கணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல.

அந்த ராத்திரி

வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா. அந்த ஊர்ல அதுக்கு முந்தின நாள்ல இருந்தே வீடு வீடா ஒறமுறைங்க வந்து எறங்கிடுவாங்க. அக்கா பொண்ணு வீட்லயும் கூடத்துல இருபது பேரு. சாயந்திரம் ஏழு மணி வாக்குல குழந்தை பொந்தைல படுத்து கால ஆட்டினு இருந்திருக்கு, யாரோ ஒரு சித்தி முறைக்காரங்க தூக்கினப்போ வீல்னு ஒரு கத்து கத்திச்சாம். பசிக்குதுன்னு பால் குடுத்தாங்க, குடிக்கல. ஏர் கூலர் ஓடுது, கால் ஜில்லுனு இருக்குன்னு சாக்ஸ் மாட்டி விட்டாங்க. அதுதான் அந்த ராத்திரியோட பெரிய கண்டம்.

எட்டு மணில இருந்து நிறுத்தாம அழுக. வயித்து வலியா இருக்கும்னு ஓமத்தண்ணி. கூட்டத்துல யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு மொளகா உப்பு சுத்திப் போட்டாங்க. தொக்கம் எடுக்கறவங்கள (தொண்டைல சிக்கினத எடுக்கறதா சொல்றவங்க) கூப்புடலாமான்னு கூட பேச்சு வந்துச்சாம். பத்தரைக்கு அக்கா பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணி "சித்தி, எதுக்கு அழுவுதுன்னே தெரில"ன்னு அவளும் அழுதா, நானும் வெயில் தாங்காம அழுவுதுடி, ஈரத்துணில தொடச்சு விடுன்னு சொன்னேன், வேற எதுவும் எனக்கு தோணல. இத எழுதும்போதும் அந்த ஃபோன் ஞாபகம்தான் உறுத்துது.

திருவிழாவுக்கு வந்த ஒரு அம்மா, ஆம்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ஒரு மணிக்கு மேல எழுந்து வந்து "துணியெல்லாம் கழட்டுங்க, தலையில இருந்து கால் வரைக்கும் பாக்கணும்"னு சொன்னாங்க. சட்டை, நாப்பி, கடைசியா சாக்ஸ். இடது கால்ல ரெண்டாவது விரல் திராட்சப்பழம் மாதிரி வீங்கி கருஞ்சிவப்பா இருந்துச்சு, விரலோட அடில ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்கே தெரியல, வீங்கின தோல் அத மூடிடுச்சு. அவங்க நகத்தால நெருடிப் பாத்துட்டு "நூலோ முடியோ சுத்திக்கினு இருக்குது, இப்பவே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க"ன்னாங்க.

போன எடத்துல டாக்டர் லென்ஸ் வச்சு பாத்து, ஒரு மெல்லிசான கொக்கி மாதிரி கருவிய உள்ள விட்டு நூல தூக்கி வெட்டி எடுத்தாரு. மூணு சுத்து. எடுத்த கொஞ்ச நேரத்துல விரலோட நிறம் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. தோல்ல ஒரு வெட்டுக்காயம் மாதிரி கோடு, அதுக்கு மருந்து. இன்னும் சில மணி நேரம் போயிருந்தா ரத்த ஓட்டம் நின்னு விரலே போற அளவுக்கு போகலாம்னு சொல்லிட்டு அவரு இன்னும் ஒண்ணு சொன்னாரு, பிரசவம் ஆன சில மாசத்துல அம்மாக்களுக்கு முடி கொட்டும்ல, அந்த முடியே இப்படி குழந்தைங்க கால்விரல், கைவிரல், சில சமயம் ஆம்பள குழந்தைங்க குறியிலயும் சுத்திக்கும், காரணம் தெரியாம அழுதா மொதல்ல சாக்ஸ கழட்டி ஒவ்வொரு விரலா பாக்கணும்னு. முடியா இருந்தா சில சமயம் முடி நீக்கற கிரீம் போட்டு கரைப்பாங்களாம், ஆனா காட்டன் நூலுக்கு அது வேலைக்கே ஆவாது, வெட்டித்தான் எடுக்கணும்.

எங்க மாப்ள புத்திசாலி, எடுத்த நூல கேட்டு வாங்கி ஒரு பஞ்சுல வச்சு மடிச்சு எடுத்துனு வந்தாரு.

நூல் எங்க இருந்து வந்துச்சு

மறுநாள் காலைல அக்கா ஃபோன் பண்ணா. மாமியார் வீட்ல நேரா யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா "அவங்க வூட்டுல இருந்து வந்த துணி"ன்னு கூடத்துல ஒரு பேச்சு ஓடினு இருந்திருக்கு. அக்காவுக்கு கோவம், சாக்ஸ் நூலா இருக்கும், அவங்க வாங்குன சாக்ஸ்தானன்னு. எனக்கு ஃபோன்லயே முடிச்சிடலாம்னுதான் மொதல்ல தோணிச்சு, அப்புறம் ஃபோன்ல பேசினா யார் தப்புன்னுதான் பேச்சு போகும், துணிய யாரும் பாக்க மாட்டாங்கன்னு கெளம்பிட்டேன். 35 கிலோமீட்டர் போல, திருவிழா கூட்டத்துல பஸ் ஊர்ந்து போச்சு. கைல தையல் பிரிக்கிற கத்தி, ஒரு பூதக்கண்ணாடி, இஞ்ச் டேப்.

மாப்ள பஞ்ச பிரிச்சுக் காட்டினாரு. சுருண்டு போன ஒரே ஒரு இழை, ரத்தம் காஞ்சு கருத்திருந்துச்சு ஆனா நுனில நிறம் தெரிஞ்சுது. மிளகாப்பழ சிவப்பு. சாக்ஸ் வெள்ளையும் மஞ்சளும். அதுக்கு மேல வாக்குவாதத்துக்கு ஒண்ணும் இல்ல. "எங்க நூல்தான்"னு நான் சம்பந்தியம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லாம போய் காப்பி போட்டு எடுத்துனு வந்தாங்க.

அப்புறம் பொந்தைய வாசல் வெளிச்சத்துல விரிச்சு வேட்டிப் பக்கம் மேல இருக்கிற மாதிரி போட்டு ஒரு மூலைல இருந்து ஆரம்பிச்சு பாத்தேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு. கண்டது இதுங்க.

மொத்தம் 74 முடிச்சு பின்பக்கத்துல. அதுல 11 அவுந்திருந்துச்சு. எம்ப்ராய்டரி நூல் பளபளன்னு வழுக்கற நூல், தையல் நூல் மாதிரி முறுக்கு இல்ல, சாதா முடிச்சு தொவைக்க தொவைக்க தானா தளரும். அவுந்த 11ல ஏழு நான் போட்டது, நாலு அம்மா போட்டது. எப்படித் தெரியும்னா அம்மா நுனிய ஒட்ட வெட்டுவாங்க, நான் அர இஞ்ச் விட்டு வெட்டுவேன்.

வேட்டி. இதுதான் நான் எதிர்பாக்காதது. தையல் போன ஓட்டை ஒவ்வொண்ணும் அரிசி அளவுக்கு விரிஞ்சிருந்துச்சு. பழசு மிருதுவா இருக்கும்னு எடுத்தேனே, மிருது ஆனதே நூல் தேஞ்சதாலதான்னு யோசிக்கல. ஒத்தையா போத்துறதுக்கு அது சரி. மூணு இழை தடிமன் நூல அதுக்குள்ள இழுத்து, மேல பஞ்சு வேற அழுத்தி, கல்லுல போட்டு தேய்ச்சா நெசவு வழிவிட்டுடும். ஓட்டை பெருசானதும் தையல் தளந்து கண்ணி கண்ணியா மேல தூக்கிக்கினு இருந்துச்சு, சில எடத்துல என் சுண்டுவிரல் நுழையிற அளவுக்கு. என் சுண்டுவிரல் நுழைஞ்சா குழந்தை கால்விரல் நுழையாதா.

கால் பக்கத்து இடது மூலைல ஒரு ஜான் நீளத்துக்கு மூணு இழைல ஒண்ணு இல்ல. ரெண்டுதான் இருந்துச்சு. அங்கதான் மாட்டியிருக்கு, தூக்கினப்போ இழுத்து அறுத்துனு வந்திருக்கு, அந்த வீல்னு கத்தினது அப்பத்தான். அதுமேலயே சாக்ஸ்.

இன்னும் ஒண்ணு, சம்பந்தமில்லாததுதான் ஆனா எனக்கு வயித்த கலக்கினது. நடுவுல ஒரு எடத்துல கடுகு சைஸ்ல ஓட்டை, தொட்டா கெட்டியா பிளாஸ்டிக் மணி மாதிரி. குழந்தைய குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடும்போது ஒரு பொறி தெறிச்சிருக்கு, சேலைத் துணி சும்மா கருகி நின்னுடுச்சு, உள்ள இருந்த பாலியெஸ்டர் உருகி உருண்டையா ஆயிடுச்சு. துணில பட்டதோட போச்சு.

எடுத்த முடிவும் காரணமும்

மூணு வழி இருந்துச்சு. அவுந்த முடிச்ச மட்டும் போட்டு குடுக்கலாம், அரை நாள் வேலை. மடிச்சு பீரோல வச்சிடலாம், பெரியவளானதும் பாட்டி தைச்சதுன்னு காட்டலாம், அக்கா அதத்தான் சொன்னா. இல்லன்னா மொத்தமா பிரிச்சு திரும்ப தைக்கலாம்.

முதல் வழிய நான் உடனே விட்டுட்டேன், 11 அவுந்துச்சுன்னா மிச்சம் 63ம் அதே நூல் அதே முடிச்சு அதே வேட்டிதான், அடுத்த மாசம் அவுறும். ரெண்டாவது வழி எனக்கு புடிக்கல, பீரோல வைக்கிறதுக்காக எங்கம்மா அப்பா வேட்டிய எடுத்துக் குடுக்கல. பிரிக்கறதுன்னு முடிவு. அதுக்கு அம்மாகிட்ட சொல்லணும், அதுதான் கஷ்டமா இருந்துச்சு, அவங்க தையல் பூரா போயிடும்ல. நான் சுத்தி வளச்சு ஆரம்பிச்சதும் "கொழந்த வெரலு பெருசா எந்தையலு பெருசா, பிரி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்டல.

துணிங்கள திரும்ப சோதிச்சதுல ஒரு சேலை கழிஞ்சுது. ராணிப்பேட்டைல தோல் கம்பெனில வேலை பாக்குற எங்க தம்பி சாய விஷயத்துல ரொம்ப கறார், 90கள்ல ஜெர்மனிக்காரன் சில அசோ சாயங்களுக்கு (துணிக்கும் தோலுக்கும் போடற ஒரு வகை செயற்கைச் சாயம், அதுல சிலது உடம்புக்கு கெடுதல்) தடை போட்டப்போ இந்தப் பக்கத்து தோல் தொழிலே ஆடிப்போச்சாம், அப்புறம் 1997ல நம்ம நாட்டுலயும் 70 அசோ சாயத்துக்கு தடை வந்துச்சுன்னு சொல்லுவான். எங்கம்மா சேலைங்க எல்லாம் அதுக்கு முன்னாடி எடுத்தது. இத்தன வருஷம் தொவச்சதுல போகாத சாயம் இனிமே என்ன போகப்போகுதுன்னு நான் நெனச்சேன், அவன் கேக்கல, வெள்ளத்துணிய நனச்சு ஒவ்வொரு துண்டு மேலயும் வச்சு சூடா இஸ்திரி போடச் சொன்னான். அரக்கு கலர் சேலை மட்டும் வெள்ளத்துணில ரோஸா இறங்கிச்சு. குழந்தை துணிய வாய்ல வச்சு சப்பும்ல. அதுல வெட்டின 18 சதுரத்தையும் எடுத்துட்டேன், அந்த எடத்துக்கு அக்காவோட பழைய சுங்குடி சேலை ஒண்ணு, அதுவும் அதே சோதனை பாத்து.

திரும்பத் தைச்ச விதம்

பாலியெஸ்டர் பஞ்சு போச்சு. அடிப்பக்கத்துக்கு பஜார்ல புது மல் துணி எடுத்து மூணு தடவ தொவச்சு காயவச்சேன், ரெண்டே கால் மீட்டர் எடுத்தது அளந்தா ஏழு சென்டிமீட்டர் கொறஞ்சிருந்துச்சு, தொவைக்காம தைச்சிருந்தா மேல் துணி சுருக்கம் விழுந்து கோணியிருக்கும். அப்பாவோட வேட்டிய என்ன பண்றதுன்னு ரொம்ப யோசிச்சேன். நடுவுல வச்சேன், நாலா மடிச்சு இல்ல, ரெண்டா மட்டும் மடிச்சு. அங்க அதுக்கு இழுப்பு இல்ல, தேய்ப்பு இல்ல, வேர்வைய மட்டும் குடிச்சிக்கும். மூணு அடுக்கும் காட்டன், கனம் பாதிக்கு மேல கொறஞ்சுது, காயறதும் சீக்கிரம்.

தையல் பூரா மிஷின்ல. 11ம் நம்பர் ஊசி, சாதா காட்டன் தையல் நூல், தையல் நீளம் ரெண்டரை மில்லிமீட்டர். சதுரத்தோட கோட்டு மேலயே நேரா நேரா அடிச்சேன், நாலு இஞ்ச்சுக்கு ஒண்ணு, பஞ்சு இல்லாததால உள்ள எதுவும் உருளாது, அதுக்கு மேல நெருக்கம் தேவையில்ல. எல்லாக் கோடும் ஒரு ஓரத்துல இருந்து அடுத்த ஓரம் வரைக்கும் நிறுத்தாம போகுது, அப்பதான் ஆரம்பமும் முடிவும் ஓரப்பட்டிக்குள்ள போய் மறையும், நடுவுல ஒரு நூல் நுனியும் வராது. பாபின் நூல் நடுவுல தீந்துச்சுன்னா அந்தக் கோட்ட முழுசா பிரிச்சு முதல்ல இருந்து. இது ரெண்டு தடவ ஆச்சு, திட்டினேதான் அடிச்சேன். ஓரப்பட்டி ரெட்டை மடிப்பு, ரெண்டு வரிசை தையல். லேஸ், பட்டன், மணி, குஞ்சம் எதுவும் இல்ல, முன்னாடி ஒரு மூலைல துணில செஞ்ச சின்ன கிளி ஒண்ணு இருந்துச்சு, அதோட கண்ணு ஒரு பாசி, அதையும் எடுத்துட்டேன்.

அப்புறம் சோதனை. நான் கண்டுபுடிச்சது ஒண்ணும் இல்ல, பட்டு ஜாக்கெட்டுக்கு ஊசி மொனை மழுங்கியிருக்கான்னு பாக்கறா மாதிரி, ஒரு பஞ்சு உருண்டைய எடுத்து ரெண்டு பக்கமும் மெதுவா உருட்டி தடவிக்கினே போகணும், எங்க பஞ்சு இழை ஒட்டுதோ அங்க ஏதோ ஒண்ணு துருத்திக்கினு இருக்குன்னு அர்த்தம். முதல் தடவ ஒம்போது எடத்துல ஒட்டிச்சு. கண்ணால பாத்தப்போ ஒண்ணு கூட தெரியல. அதுக்கப்புறம் குடியாத்தத்துல எப்படி தொவைப்பாங்களோ அப்படியே சுடுதண்ணி, கல்லு, பிரஷ்ஷுன்னு அஞ்சு தடவ தொவச்சு ஒவ்வொரு தடவையும் பஞ்சு உருண்டை ஓட்டினேன். நாலாவது அஞ்சாவது தடவைல ஒண்ணும் ஒட்டல.

எதுக்கு விரிக்கணும், எதுக்கு கூடாது

ஆஸ்பத்திரில டாக்டர் இன்னொண்ணும் சொல்லி அனுப்பியிருந்தாரு, அத நாங்க யாரும் அன்னிக்கு ஒழுங்கா காதுல வாங்கல, மாப்ள அப்புறம் ஞாபகப்படுத்தினாரு. ஒரு வயசு வரைக்கும் குழந்தை தூங்குற எடத்துல தலகாணி, தடிப்பான போர்வை, இந்த மாதிரி பொந்தை எதுவும் மேல போத்தவும் வேணாம் பக்கத்துல சுருட்டி வைக்கவும் வேணாம், மூஞ்சில ஏறினா தள்ளிவிடத் தெரியாது. கெட்டியான சமமான படுக்கை, மல்லாக்க படுக்க வைக்கணும், அவ்ளோதான். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமும் இதத்தான் சொல்லுது. தூளிலயும் இத மடிச்சு போடாதீங்கன்னு நான் என் பங்குக்கு சொன்னேன், தூளி ஏற்கனவே வளைஞ்சு கெடக்கும், அதுல மெத்துன்னு ஒண்ணு போட்டா குழந்தை இன்னும் உள்ள அமுங்கி தாடை நெஞ்சுல முட்டும்.

எங்கம்மாவுக்கு இது ஏறல. "உங்க அஞ்சு பேரையும் போத்தித்தான் வளத்தேன்"னாங்க. நான் வாதம் பண்ணல. அஞ்சு பேர் வளந்தோம், உண்மைதான், ஆறாவதா ஒண்ணு இருந்துச்சு, அது எதனால போச்சுன்னு இன்னிவரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியாது, அத எடுத்து அவங்ககிட்ட நான் பேச முடியாது. கடைசில முடிவு இது: குழந்தை முழிச்சிருக்கும்போது பெரியவங்க பக்கத்துல இருக்கும்போது தரைல விரிச்சு வெளயாட, குப்புற போட்டு பழக்க, அதுக்கு மட்டும் பொந்தை.

மத்த ஆறு பொந்தை

ஏழாவதுல இருக்கிற கோளாறு முதல் ஆறுலயும் இருக்கும், நூலும் கையும் ஒண்ணுதான. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணேன். ரெண்டு பேர் வீட்ல அது கால் தொடைக்கிற துணி ஆயிடுச்சு (சொல்ல கூச்சப்பட்டாங்க, எனக்கு நிம்மதியா இருந்துச்சு). ஒருத்தங்க ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்டியிருக்காங்க. காட்பாடில ஒரு வீட்ல குழந்தை குறைமாசத்துல பொறந்தது, ரெண்டரை கிலோவுக்கு ரொம்ப கம்மி, ஆஸ்பத்திரில அம்மா நெஞ்சோட நெஞ்சா ஒட்டி வைக்கிற கங்காரு முறைலயே வச்சிருந்தாங்களாம், பொந்தைய கவரே பிரிக்கல. ஆரணிப் பக்கம் இருக்கிற ஒருத்தங்க "நல்லாத்தான் இருக்குது, நீ ஏன் பீதிய கெளப்புற"ன்னு கோச்சுக்கிட்டாங்க, ஃபோட்டோ அனுப்ப சொன்னேன், முன்பக்கத்த எடுத்து அனுப்பினாங்க. பின்பக்கம் அனுப்புங்கன்னேன். அனுப்பல. ஆறாவது பொந்தை வாலாஜால, எட்டு மாச குழந்தை அதுலதான் தெனம் தவழுது, நேர்ல போய் பாத்தேன், மூணு கண்ணி தளந்து நின்னுச்சு. அங்கயே வெட்டி எடுத்து, பொந்தைய வாங்கினு வந்து மிஷின்ல அடிச்சுக் குடுத்தேன்.

இப்ப என்ன மாத்தியிருக்கேன்

ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு கைத்தையல் பொந்தை தைக்கிறதில்ல. கேட்டு வந்த ஒருத்தங்க இதனாலயே வேற எடத்துக்கு போனாங்க, போகட்டும். பெரிய குழந்தைக்குன்னா கைத்தையல் உண்டு, ஆனா தையல் நூல்ல, சின்னத் தையலா, முடிச்சு போடாம ரெண்டு தடவ பின்னாடி திருப்பித் தைச்சு நுனிய ரெண்டு துணிக்கும் நடுவுல இழுத்து விட்டுடறது. பழைய துணி வெளிச்சத்துல புடிச்சா விரல் தெரியுதுன்னா அது நடுவுக்கு மட்டும். குடுக்கும்போது ஒரு துண்டு பேப்பர்ல எப்படி தொவைக்கணும், தூங்கும்போது போத்த வேணாம், வாரம் ஒருக்கா ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்கன்னு எழுதிக் குடுக்குறேன். அதோட விரல் விஷயத்தையும் எழுதறேன், அது பொந்தைக்கு மட்டும் இல்ல, உள்பக்கம் நூல் தொங்குற சாக்ஸ், கையுறைக்கும்தான். கடைல வாங்குற சாக்ஸ இப்ப நான் உள்பக்கம் வெளியா திருப்பிப் பாக்காம யாருக்கும் போட விடறதில்ல.

எங்கம்மாவோட சிவப்புத் தையல் எதையும் காப்பாத்த முடியல. பிரிச்ச நூல மட்டும் ஒரு பழைய பவுடர் டப்பால போட்டு வச்சிருக்காங்க.

திருப்பிக் குடுத்த நாள்

ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி கொண்டு போனேன். குழந்தைக்கு அஞ்சு மாசம், குப்புற விழுந்து தலைய தூக்கி பாக்குது, விரல்ல கோடு மாதிரி ஒரு மெல்லிசான வெளுப்பு, தேடினாத்தான் தெரியும். பொந்தைய சம்பந்தியம்மா கைல குடுத்தேன். அவங்க வாங்கி சேலைப் பக்கத்த பாக்கவே இல்ல, நேரா திருப்பிப் போட்டு மடில விரிச்சு ரெண்டு கையாலயும் ஓரத்துல இருந்து ஓரம் தடவினாங்க, நான் அஞ்சு தடவ தொவச்சேன், பஞ்சு உருண்டை ஓட்டினேன்னு சொல்லினே இருந்தேன், அவங்க தடவினே இருந்தாங்க. ஓரப்பட்டி சேர்ற மூலைல கை நின்னுச்சு.

"இங்க ஒண்ணு கீதும்மா"ன்னாங்க.

பாத்தேன். இருந்துச்சு, எள்ளு நீளத்துக்கு. பைல இருந்த கத்திரிய எடுத்துக் குடுத்தேன், அவங்களே வெட்டினாங்க.